துணுக்குகள் என்றொரு கோப்பு

அதிகாலை மூன்று பத்து.
புவெர்த்தோ மோன்ட்டில் மழை விழுவதில்லை,
படுத்துக்கொண்டே வருகிறது.
சேவையகம் அனுப்பிய குறுஞ்செய்தியில் ஒரே வரி:
வட்டு நூறு சதவீதம்.
எள் விழ இடமில்லை.
ஏழு மணிக்குத் தெற்கே போகும் படகுக்கு
ஒரு சீட்டுகூடப் பதிவாகாது.

கம்பளிக்குள் இருந்தபடியே மடிக்கணினியைத் திறக்கிறேன்.
துணுக்குகள் என்றொரு கோப்பு வைத்திருக்கிறேன்.
பதினோரு வருடம். வரிசை இல்லை, தலைப்பு இல்லை.
கடன் வாங்கியது, கண்டெடுத்தது,
பல்வலியோடு நானே எழுதியது.

பாதுகாப்புச் சான்றிதழ் சாக இன்னும் எத்தனை நாள்
என்று கேட்டுச் சொல்லும் ஒரு வரி.
தலையில் அலை சுமக்கும் எங்கள் எழுத்து
கேள்விக்குறியாக உடைந்தால் ஒட்டவைக்கும் மூன்று வரி.
அது வருவதற்கு முன்
திருமதி நூன்யெஸ் ஒரு குளிர்காலம் முழுக்க
பெயரில் இரண்டு கேள்விக்குறிகளோடு கடல் கடந்தாள்.
கைபேசித் திரையில் 'வாங்கு' பொத்தான்
நடுவில் நிற்க மறுத்தால் நிறுத்திவைக்கும் ஒரு வரி.
அது ஏன் வேலை செய்கிறதென்று எனக்குத் தெரியாது.
அதற்கும் தெரியாது.

ஒரு கட்டளைக்கு மேலே மட்டும் நான்கு கோடு போட்டு:
நட்சத்திரத்துக்கு முன்னால் இடைவெளி விடாதே.
விட்டவன் எரிபெர்த்தோ பாரியா.
அரிசி அகலம் இல்லை அந்த வெற்றிடம்.
படகுகளின் படங்கள், கால அட்டவணை,
முதலாளியின் மகள் திருமணம்
(அது ஏன் அங்கே இருந்தது என்று யாரும் கேட்கவில்லை),
எல்லாம் அதற்குள் விழுந்தன.
மறுநாள் அலுவலகம் முழுமைக்கும்
சிப்பி எம்பனாடா வாங்கி வந்தான்,
துக்க வீட்டில் பரிமாறுவதுபோல
ஒவ்வொரு மேசையாக வைத்துவிட்டுப் போனான்.

இன்றிரவுக் குற்றவாளியைக் கண்டுபிடிக்க நேரமாகவில்லை.
நாற்பது ஜிபி பதிவேடு,
ஒரே பிழையை லட்சம் தடவை புலம்பிய கோப்பு.
அழித்தேன்.
பார்த்தேன்.
இன்னும் நூறு.
பட்டியலில் அது இல்லை, வட்டிலிருந்து போகவும் இல்லை.

'நிரம்பி' என்று துணுக்குகளில் தேடினேன்.
நானூற்றுப் பன்னிரண்டாம் வரி.
ஆறு வருடத்துக்கு முந்தைய ஆகஸ்ட்,
கீழே என் முதலெழுத்துகள்:
அழித்தால் போதாது.
யாரோ இன்னும் கையில் பிடித்திருப்பார்கள்.
யாரென்று கேள்.
விடச் சொல், அல்லது தூங்கவைத்து எழுப்பு.

எழுதியது நினைவில்லை.
அந்த ஆகஸ்ட் நினைவிருக்கிறது.
இல்லை, மிரேயா,
இதை வேறெதற்கும் பொருத்திப் பார்க்காதே.
இது வட்டைப் பற்றியது.

கேட்டேன். ஒரு பெயர் வந்தது:
சீட்டு அச்சிடும் நிரல்,
போன கோப்பின் வாலைப் பிடித்தபடி
அதிலேயே இன்னும் எழுதிக்கொண்டிருந்தது.
நிறுத்தினேன். எழுப்பினேன்.
நூறு முப்பத்தொன்றாக இறங்கியது,
சத்தமே இல்லாமல்.
ஏதாவது சத்தம் கேட்டிருக்கலாம்.

துறையிலிருந்து நோல்ஃபா அழைத்தாள்.
அதற்குள் காகிதத்தில் பதினாறு பேரை எழுதிவிட்டாளாம்.
"கணினி எழுந்துவிட்டதா?"
எழுந்துவிட்டது என்றேன்.
"என் பேனாவைத்தான் நம்புவேன்" என்று வைத்துவிட்டாள்.

நான்கு ஒன்பதுக்கு முதல் விற்பனை:
ஒரு பெரியவர், ஒரு சிறு லாரி, இரண்டு ஆடுகள்.

கோப்பை மூடப்போகும்போதுதான் கண்ணில் பட்டது,
அந்தத் துணுக்குக்கு அடியில் இன்னொரு வரி:
பதிவேடு வீங்காமல் நாளை நிரந்தரமாகச் சரிசெய்ய வேண்டும்.

நாளை என்ற சொல்லுக்கு ஆறு வயது.
அழிக்கக் கை வரவில்லை.
பக்கத்தில் இன்றைய தேதியைப் போட்டுவிட்டு
கெண்டியை அடுப்பில் ஏற்றினேன்.
அது கொதிக்கட்டும்,
அதுவரைக்குமாவது
உட்கார்ந்து எழுதிப் பார்க்கிறேன்.